தாய்லாந்துப் பெயரும் கல்கத்தா அடுப்பும்

கல்கத்தாவில் உத்தியோக நிமித்தமாகக் குடியிருக்கிற தமிழர்களும், காளிகட்டத்தையும் தட்சிணேசுவரத்தையும் தரிசித்துவிட்டு நாலைந்து நாள் தங்கிப் போகலாம் என்று வருகிற தமிழர்களும், இந்த மாநகரத்தில் வயிற்றைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட வேண்டியதில்லை. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் இட்லியும் காபியும் நம்மூர்ப் பக்குவத்திலேயே கிடைக்கும். பார்க் தெருவின் பழைய உணவகங்களில் வெள்ளைக்காரர் காலத்துச் சம்பிரதாயங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. டாங்ராவில் சீனச் சமையல், சித்பூர்ப் பக்கத்தில் முகலாயச் சமையல், கல்லூரித் தெருவைச் சுற்றி வங்காளிகளின் மீன் குழம்புச் சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டையும் ஒரு பரம்பரையும் உண்டு. இவற்றுள் எதைத் தேடிப் போனாலும், போகிற இடம் சுமாராக இருந்தாலும், முழு ஏமாற்றம் என்பது அபூர்வமே. நிறையப் பணமும் நிறைய எதிர்பார்ப்பும் எடுத்துக்கொண்டு போய், இரண்டையும் செலவழித்துவிட்டு, சாப்பிட்டது இன்னதென்று ஞாபகத்தில் நிற்காமல் திரும்புகிற அனுபவம் இந்நகரத்தில் அநேகருக்குத் தாய்லாந்து உணவகங்களில்தான் வாய்க்கிறது. அது ஏன் என்பதையும், அதிலிருந்து தப்பும் உபாயங்களையும் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம் தனியாக எழுதப்படுகிறது.

பூகோளத்தைப் பார்த்தால் இப்படி நடப்பதற்கு நியாயமே இல்லை. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,400 கிலோமீட்டர். பாங்காக்குக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிற ஊர் அது. தாய்லாந்து அரசின் துணைத் தூதரகம் ஒன்று பாலிகஞ்சிலேயே இருக்கிறது. கல்கத்தாவின் நடுத்தர வர்க்கத்தார் விடுமுறைக்குப் பாங்காக்கும் பூக்கெட்டும் போய் வருவது இன்று பெரிய விஷயமும் அல்ல. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு தேசத்தின் சமையல் இங்கே வந்து சேர்வதற்குள் சாரமிழந்து போவதற்குக் காரணம் தூரம் அல்ல. அது வந்த வழிதான் என்பது என் அபிப்பிராயம்.

சீனச் சமையல் இந்நகரத்துக்குச் சீனர்களோடு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், பட்ஜ்பட்ஜுக்கு அருகே டோங் ஆச்சூ என்பவர் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த இடத்துக்கு இன்றும் அச்சிப்பூர் என்றே பெயர். பிற்பாடு திரெட்டா பஜாரில் தச்சரும் சலவைக்காரரும் சாஸ் காய்ச்சுபவரும் குடியேறினார்கள். டாங்ராவில் ஹக்கா வகுப்பினர் தோல் பதனிடும் தொழிலை நடத்தினார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பட்டறைகளை நகருக்கு வெளியே கொண்டுபோகும்படி உத்தரவிட்ட பிறகு, பட்டறை இருந்த கட்டடங்கள் பல உணவகங்களாக மாறின. தங்கள் வீட்டுச் சமையலை இந்த ஊர்ப் பச்சைமிளகாய்க்கும் இந்த ஊர் நாக்குக்கும் ஏற்றபடி அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்துக்கு மூன்று நான்கு தலைமுறைக் கைப்பழக்கம் பின்பலமாக நின்றது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கிற கடைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் அந்த ருசியைத் தங்கள் கையோடு கொண்டுவந்தார்கள்.

தாய்லாந்துச் சமையலுக்கு அப்படி ஒரு குடியேற்றம் இந்நகரத்தில் நேரவில்லை. அது பெரிய ஹோட்டல்களின் வழியாக, அச்சிட்ட உணவுப் பட்டியலாக வந்து இறங்கியது. சௌரங்கியில் உள்ள ஓபராய் கிராண்ட் ஹோட்டலில் ‘பான் தாய்’ என்ற உணவகம் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்று விளங்கியது. அத்தகைய இடங்கள் சமையற்காரரையும் சரக்கையும் தாய்லாந்திலிருந்தே தருவித்துக்கொள்ளச் சக்தி உள்ளவை. அந்தப் பட்டியலின் கவர்ச்சியைக் கண்டு அடுத்த படியில் இருந்த உணவகங்களும் அதை மேற்கொண்டபோது, பெயர்கள் மட்டும் இறங்கி வந்தன, கைகள் வரவில்லை. ஆகவே நகரத்தின் பெரும்பாலான இடங்களில் தாய்லாந்து உணவைச் சமைக்கிறவர் டாங்ராப் பாணியில் தேர்ந்த ஒருவராகவே இருக்கிறார். அவர் முன்னால் இருப்பது பெரிய சீன வாணலி. கைக்கெட்டும் தூரத்தில் சோயா சாஸும் வினிகரும் கரைத்து வைத்த சோளமாவும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தமக்குத் தெரிந்ததை அவர் செவ்வையாகவே செய்கிறார். பட்டியலில் எழுதியிருப்பது வேறொன்று என்பதுதான் தகராறு.

இதற்கு உதாரணமாக, தெற்குக் கல்கத்தாவில், பெயர் சொல்ல அவசியமில்லாத ஓர் உணவகத்தில் நண்பர் குடும்பத்தோடு நான் சாப்பிட்ட ஓர் இரவைச் சொல்லலாம். கணவரின் வேலை காரணமாகப் பாங்காக்கில் நெடுநாள் குடித்தனம் செய்துவிட்டு வந்த நண்பரின் தமக்கையும் உடன் இருந்தார். மங்கலான விளக்கு, மூங்கில் தட்டி, புத்தர் தலை, மேஜைமேல் ஊதா நிற ஆர்க்கிட் மலர் ஒன்று என்று அலங்காரத்தில் குறைவில்லை. முதலில் வந்த டோம் யம் சூப், சிவந்த நிறத்தில், கரண்டியை எடுத்தால் நூல் இழுப்பது போலக் கெட்டியாக இருந்தது. நெடுநேரம் கழித்து, சூப்புக் கிண்ணங்கள் எல்லாம் போன பிறகு, பச்சைக் குழம்பு வந்தது. பளிச்சென்ற பச்சை. குழம்பின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்தேன். கோடு மறைய ஒரு கணம் தாமதித்தது. சோளமாவு போட்ட குழம்புக்கு இதைவிட நிச்சயமான அடையாளம் கிடையாது. உள்ளே குடைமிளகாய்த் துண்டுகள், பேபி கார்ன், கோழி, பட்டாணி.

“இதிலே சுண்டைக்காய் போடணும் அண்ணா,” என்றார் அந்த அம்மாள், பட்டாணியைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே. “பாங்காக்கிலே மார்க்கெட்டுக்கு மார்க்கெட் கொத்துக் கொத்தா விப்பா. முதல் தடவை பார்த்தப்போ ஊருக்கே வந்துட்ட மாதிரி இருந்தது.”

பரிமாறிய இளைஞனைக் கூப்பிட்டு, குழம்பின்மேல் எண்ணெய் பிரிந்து நிற்கவில்லையே என்று கேட்டேன். அவன் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளாமல், வெகு மரியாதையாக, “எண்ணெய் மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஸார். ஆகையால் மிதக்காமல் செய்கிறோம்,” என்றான். அவன் உண்மையைத்தான் சொன்னான். சமையலறை மட்டும் அல்ல, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற நாமும் சேர்ந்தே இந்தச் சமையலை இப்படி ஆக்கியிருக்கிறோம். இனிப்பு போதாது, வாடை அடிக்கிறது, எண்ணெய் மிதக்கிறது என்று ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஒவ்வொன்று சொல்லச் சொல்ல, கடைசியில் மிஞ்சுவது தித்திப்பான தேங்காய்ப்பால் கஞ்சி ஒன்றுதான்.

அந்த எண்ணெயின் விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தாய்லாந்துக் குழம்பின் மர்மம் அதில்தான் இருக்கிறது. பச்சைமிளகாய், எலுமிச்சம்புல், பேரரத்தை, கொத்தமல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம், அவர்கள் ஊர் எலுமிச்சையின் கரடுமுரடான தோல், கொஞ்சம் தனியா, சீரகம், வெள்ளை மிளகு, கபி என்கிற இறால் விழுது இவையெல்லாம் கல் உரலில் இடித்து விழுதாக்கப்படும். பிறகு முதல் தேங்காய்ப்பாலை வாணலியில் இட்டு, அது கொதித்துத் திரிந்து எண்ணெய் கக்குகிற வரை காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே விழுதை வதக்குவார்கள். பச்சை வாடை போய், சமையலறை முழுவதும் மணம் பரவிய பிறகே மீதிப்பாலும் மாமிசமும் சேரும். முடிந்த குழம்பின் மேற்பரப்பில் பச்சை எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். நிறம் கிளிப்பச்சையாக இராது, சற்று மங்கிய பச்சையாகவே இருக்கும். டப்பாவில் அடைத்து வருகிற தேங்காய்ப்பாலில் எண்ணெயும் நீரும் பிரியாதிருக்க நிலைப்படுத்தும் சரக்குகள் சேர்த்திருப்பதால், அதை எவ்வளவு காய்ச்சினாலும் அநேகமாகத் திரியாது. ஆகவே விழுது வதங்குவதில்லை, வேகிறது. வெந்த விழுதுக்கும் வதங்கின விழுதுக்கும் உள்ள பேதம் நம் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு வாரம் நின்றவர்களுக்குக்கூடத் தெரியும்.

இங்கேதான் தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. தாய்லாந்துச் சமையலின் சரக்குகளில் பாதி நமக்குப் பழக்கமானவை. அவர்கள் கா என்று சொல்லுவது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற பேரரத்தையே. குழம்பில் மிதக்கிற சிறு காய் நம் சுண்டைக்காயே. ஜாதி கூட வேறல்ல. மாமிசத்தோடு வதக்குகிற கிரபாவ் இலை நம் துளசிதான். குழம்பில் தூவுகிற இலை நம் திருநீற்றுப்பச்சிலைக்கு மிக நெருங்கின உறவு. புளி, தேங்காய், கருப்பட்டிக்குச் சகோதரமான பனைவெல்லம், நெத்திலி — எதுவும் அந்நியமல்ல. டில்லியிலிருந்து வந்து உட்காருகிறவருக்கு இல்லாத மூக்கு நமக்கு உண்டு. அதை உபயோகிப்பதற்கு வெட்கப்படலாகாது.

இனிக் காரியத்துக்கு வருவோம். போவதற்கு முன்பே தீர்மானிக்கக்கூடியவை சில உண்டு. உணவுப் பட்டியலை இப்போது வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறபடியால், அதை நிதானமாகப் படியுங்கள். சீனம், ஜப்பான், கொரியா, பர்மா, தாய்லாந்து எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால், பின்னால் இருப்பது ஒரே அடுப்பு என்று கொள்ளலாம். அங்கே தாய்லாந்துப் பக்கத்தை விட்டுவிட்டுச் சீனப் பக்கத்தில் சாப்பிடுவதே விவேகம், பெரும்பாலும் அது நன்றாகவும் இருக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று குழம்புகளை எழுதி, ‘கோழி, இறால், காய்கறி, பனீர் — தங்கள் விருப்பம்போல்’ என்று போட்டிருந்தால் அது இரண்டாவது எச்சரிக்கை. மூன்று குழம்பும் மூன்று விதமான விழுதில் பிறப்பவை. எதை வேண்டுமானாலும் எதிலும் போடலாம் என்கிற சமையலறை அவற்றைச் சாயத்தால் மட்டும் வேறுபடுத்துகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. பட்டியல் குறுகியதாகவும், சோம் டாம் என்கிற பச்சைப் பப்பாளிக் கலவை, ஆவியில் வேகவைத்த மீன், கிரபாவ் போன்றவை இருப்பதாகவும் இருந்தால் நல்ல சகுனம். தாய்லாந்து அரசின் வர்த்தக அமைச்சகம் வெளிநாட்டு உணவகங்களுக்கு ‘தாய் செலெக்ட்’ என்ற முத்திரை வழங்குகிறது. வாசலில் அது இருந்தால் சரக்கைப் பற்றி ஓரளவு நம்பலாம், அன்றைய இரவு அடுப்பில் நிற்கிறவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தொலைபேசியில் மேஜை ஒதுக்கச் சொல்லும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: மீன் சாஸ், காரத்தூள், ஊறின மிளகாய், சர்க்கரை இவை வைத்த தட்டு மேஜைக்கு வருமா? தாய்லாந்தில் நூடுல்ஸ் விற்கிற தெருக்கடையில்கூட இந்த நான்கும் மேஜைமேல் இருக்கும். புளிப்பையும் உப்பையும் காரத்தையும் தித்திப்பையும் கடைசியாகச் சரிக்கட்டிக்கொள்ளுவது சாப்பிடுகிறவருடைய பொறுப்பு என்பது அவர்கள் சம்பிரதாயம். இந்தக் கேள்வி புரியாமல், “தக்காளி சாஸ் இருக்கிறது, ஸார்,” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். துர்க்கா பூஜை நாட்களில் எந்தக் கேள்வியும் பயன்படாது. அந்த நான்கைந்து நாளும் நகரமே வெளியில் சாப்பிடுகிறது. தெருவரைக்கும் வரிசை நிற்கும். சமையலறைகள் குறுக்கின பட்டியலை வைத்துக்கொண்டு வேகத்துக்காகவே சமைக்கும். உரலில் இடிக்கிற சமையலை அந்த வாரத்தில் தேடாதீர்கள்.

எதைக் கேட்பது என்பதே அடுத்த பிரச்னை. இதில் என்னுடைய யோசனை, தாய்லாந்தில் எது பிரசித்தம் என்று பாராமல், கல்கத்தாவில் எது நன்றாக இருக்க முடியும் என்று பார்ப்பது. அந்தக் கண்ணோடு பார்த்தால் முதலில் நிற்பது மீன். வங்காளிகள் கொண்டாடுகிற பேட்கி மீன், நம் கடற்கரையில் கொடுவா என்று விற்கிற அதே மீன். தாய்லாந்தில் பிளா கபோங் என்ற பெயரோடு, எலுமிச்சைச் சாறும் பூண்டும் பச்சைமிளகாயும் மீன் சாஸும் வார்த்து ஆவியில் வேகவைக்கப்படுவதும் அதுவே. கல்கத்தா அளவுக்கு நல்ல பேட்கி கிடைக்கிற நகரம் இந்தியாவில் அதிகம் இல்லை. மீன் விஷயத்தில் இந்த ஊர்ச் சமையற்காரர் ஏமாற்றத் துணியமாட்டார். ஏமாற்றினால் பக்கத்து மேஜை வங்காளியே சண்டைக்கு வந்துவிடுவார். தேங்காய்ப்பாலும் விழுதும் இல்லாத பதார்த்தமாகையால் டப்பாவுக்கு அங்கே வேலையில்லை. முழு மீனாகக் கிடைத்தால் முழுதாகவே வாங்குங்கள். துண்டாகத்தான் உண்டு என்றால் அதுவும் குற்றமில்லை. எலுமிச்சை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியட்டும் என்று சொல்லி வையுங்கள். கந்தராஜ் எலுமிச்சை இருந்தால் அதன் தோலைச் சீவிப் போடும்படி கேட்கலாம். வங்காளத்துக்கே உரிய அந்தக் காயின் வாசனை தாய்லாந்து எலுமிச்சைத் தோலுக்கு எவ்வளவோ கிட்ட வருகிறது, கெட்டிக்காரச் சமையற்காரர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள்.

அடுத்தது சோம் டாம். பச்சைப் பப்பாளி இந்த ஊரில் வருஷம் முழுவதும் மலிந்து கிடக்கிற காய். அதைக் கத்தியால் கொத்திச் சீவி, பூண்டு, மிளகாய், காராமணிக்காய், தக்காளி, உலர்ந்த இறால், நிலக்கடலை, பனைவெல்லம், மீன் சாஸ், எலுமிச்சை இவற்றோடு உரலில் லேசாக நசுக்க வேண்டும். ஆர்டர் கொடுத்த சில நிமிஷத்தில் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டொக் டொக்கென்று உலக்கைச் சத்தம் கேட்டால் அந்த இடத்தில் குழம்பும் கேட்கலாம். சத்தமே இல்லாமல் பப்பாளி வந்து, அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், துருவி வைத்ததைக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

டோம் யம் விஷயத்தில் ஒரு வார்த்தை. 2024-இல் யுனெஸ்கோ மானிடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இறால் டோம் யம் சேர்க்கப்பட்ட பின் அதற்கு மவுசு கூடியிருக்கிறது. அது தெளிந்த சாறு, அல்லது கொஞ்சம் பால் சேர்ந்த சாறு. கெட்டிப்படுத்துகிற வழக்கம் கிடையாது. கிண்ணத்துக்குள் எலுமிச்சம்புல் தண்டும் பேரரத்தை வில்லையும் தாய்லாந்து எலுமிச்சை இலையும் கிடக்க வேண்டும், அவற்றை மென்று விழுங்கக்கூடாது. அவை ஒன்றுமே கண்ணில் படாத சூப்பு பாக்கெட்டில் பிறந்தது.

குழம்புதான் வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால், பச்சையை விட்டு மஸ்ஸமானைக் கேளுங்கள். பட்டை, கிராம்பு, ஏலம், நிலக்கடலை, உருளைக்கிழங்கு சேர்ந்த அந்தக் குழம்பில் முஸ்லிம் வியாபாரிகளின் கைவாசனை உண்டு; வறுத்த சரக்கு வாசனை டப்பாவில் அடைபட்டாலும் புல், இலை வாசனையைப்போல அவ்வளவு விரைவில் செத்துப்போவதில்லை. உருளைக்கிழங்கை வேகவைக்கக் கல்கத்தாச் சமையற்காரருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாட் தாயை நான் சிபாரிசு செய்வதில்லை. பிபுன்சொங்கிராம் பிரதமராக இருந்த 1938 முதல் 1944 வரையிலான காலத்தில் அரசாங்கமே தேசிய உணவாகப் பரப்பிய பதார்த்தம் அது. அரிசி நூடுல்ஸை ஒருவருக்கோ இருவருக்கோ ஆகிற அளவில் தனித்தனியாக, பெரு நெருப்பில், புளிக்கரைசல் ஊற்றிப் புரட்டினால்தான் உருப்படும். எட்டுப் பேருக்குச் சேர்த்துப் புரட்டினால் அது பசை.

சைவ உணவு மட்டும் கொள்ளுகிற வாசகர்கள் இங்கே மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘காய்கறிப் பச்சைக் குழம்பு’ என்று எழுதியிருப்பதால் அது சைவமாகிவிடாது. விழுதிலே இறால் இருக்கலாம், சாஸிலே நெத்திலி இருக்கலாம். பரிமாறுகிறவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். “மாமிசம் உண்டா?” என்று கேட்டால் இல்லை என்பார், அது பொய்யும் அல்ல. “மீன் சாஸ் போடுகிறீர்களா? விழுதில் இறால் உண்டா? டப்பாவின் மேல் பச்சைப் புள்ளியா, பழுப்புக் குறியா?” என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்; கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லச் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும், அதுவே நமக்கு வேண்டியது. மார்வாடிகளும் குஜராத்திகளும் நிறைய வந்து போகிற உணவகங்களில் இறால் இல்லாத விழுதைத் தனியாக வைத்திருப்பார்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது எங்கெங்கே தூவப்படும் என்று ஊகிக்க முடியாது.

மேஜையில் உட்கார்ந்த பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். சூப்பு முதலில், பொரித்தது அடுத்தது, குழம்பு பிறகு என்று வரிசையாகக் கொடுப்பது ஆங்கிலேயர் பழக்கம். தாய்லாந்தில் சோறு நடுவில் இருக்க, புளிப்பான சூப்பும் உறைப்பான குழம்பும் சாறில்லாத பொரியலும் ஒரே வேளையில் சுற்றிலும் வந்து உட்காரும், ஒன்றின் காரத்தை மற்றொன்று தணிக்கும். நம் இலைச் சாப்பாட்டின் தர்மமும் அதுவே. கையில் கரண்டியும் முள்ளும் போதும். நூடுல்ஸ் அல்லாததற்குக் குச்சி வேண்டியதில்லை. “ஸ்பைஸியா, மீடியமா?” என்ற கேள்விக்கு, சமையற்காரர் தமக்குப் போட்டுக்கொள்ளுகிற அளவே போதும் என்று பதில் சொல்லுவது என் வழக்கம்.

குழம்பு சரியில்லை என்றால், முதல் இரண்டு கரண்டிக்குள் சொல்லிவிட வேண்டும். முக்கால் கிண்ணம் காலியான பிறகு தொடங்குகிற நியாயத்தை எந்த மேனேஜரும் மதிக்கமாட்டார். பரிமாறுகிற பையனிடம் குரலை உயர்த்துவதில் அர்த்தமில்லை. கேப்டனைக் கூப்பிட்டு, மாவு கெட்டியாக இருக்கிறது, சர்க்கரை அதிகம், மாவில்லாமல் வேறொன்று செய்து தர இயலுமா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘நன்றாக இல்லை’ என்பதற்கு ஒருவரும் பரிகாரம் செய்ய முடியாது. இந்த ஊரில் சாப்பாட்டைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவருக்கு மரியாதை உண்டு. பல இடங்களில் சமையற்காரரே வெளியில் வந்து நின்று கேட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

பில் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஹோட்டல் வளாகத்தில் 18 சதவீதம். இது சட்டப்படி கொடுக்க வேண்டியது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற தொகை அப்படியல்ல. 2022 ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கலாகாது என்று நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச் 28-இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. எடுத்துவிடும்படி கேளுங்கள், அநேகமாக எடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறிய பையனுக்குக் கொடுக்க விரும்புவதை அவன் கையிலேயே கொடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் பில்லில் அச்சிட்டிருக்க வேண்டும். வயிற்றுக்கு ஒவ்வாமல் போய்ப் புகார் செய்ய நேர்ந்தால் அந்த எண் உதவும், ஆகவே பில்லைக் கசக்கி எறியாதீர்கள்.

இவ்வளவு பாடும் வேண்டாம், வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த நகரம் சாதகமானது. 1874 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டின் காய்கறிப் பகுதியில் விசாரித்தால் எலுமிச்சம்புல்லும் பேரரத்தையும் தாய்லாந்து எலுமிச்சை இலையும் கிடைக்கும். கரியாஹாட்டிலும் லேக் மார்க்கெட்டிலும் சில கடைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். காலையில் போவது நல்லது. கொத்தமல்லியை வேரோடு கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடைக்காரர் வேரை நறுக்கிவிட்டுத்தான் கட்டுவார். பேரரத்தை இஞ்சியைப் போலத் தோன்றினாலும் கத்திக்கு எளிதில் மசியாது, ஆகையால் இளங்கிழங்காகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். சுண்டைக்காய் நம்மவர் வீட்டுத் தோட்டத்திலோ ஊரிலிருந்து வருகிறவர் பையிலோதான் கிடைக்கும், வற்றல் உதவாது. தேங்காயைத் துருவி, வெந்நீர் கொஞ்சமாக விட்டுப் பிழிந்த முதல் பாலை மாத்திரம் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டாம் பால் பிறகு. வாங்கின இலையில் மிஞ்சியதை ஈரம் துடைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, பனிக்கட்டி அறையில் வைத்தால் மாதக்கணக்கில் வாசனை போகாது. புல்லைத் தண்டாகவே அப்படி வைக்கலாம், துளசியை மட்டும் அன்றன்று பறித்துக்கொள்ள வேண்டும்.